உப்பு மட்டும் பார்த்தேன்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கு நானும் என் முழங்காலும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் தொப்பையும் நலமா? போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் பாத்திரம் கருகியதும், "இனிமே அடுப்புப் பக்கமே போகக்கூடாதும்மா" என்று கறாராகச் சொல்லி, ஒரு சமையல்காரம்மாவை வைத்துவிட்டுப் போனாய். அவளுக்கும் என் வயதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பத்து நாளில் நான் கரண்டியைத் தொடவில்லை. முதல் நாள் குழம்பில் உப்பு மட்டும் பார்த்தேன். குறைவாக இருந்தது, ஒரு சிட்டிகை போட்டேன். பின்னாலேயே மாடிவீட்டு டீச்சர் வந்தாள், அவளும் பார்த்தாள், அவளும் போட்டாள். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரி இருக்கிறாளே, அவள் "நம்ம வயசுக்கு உப்பே ஆகாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி போட்டாள். குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. சமையல்காரம்மா கரண்டியை டொக்கென்று வைத்தாள்.

"ஆளாளுக்கு உப்பு பாத்தீங்களே, நான் சாப்டேனான்னு யாராச்சும் பாத்தீங்களா? முப்பது வருஷமா வீடு வீடா சமைக்கிறேன். எல்லாம் நின்னுகிட்டே அள்ளிப் போட்டுக்கிட்டதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. கையைப் பிடித்து உட்காரவைத்தேன். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். அந்த உப்புக் குழம்பையே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து நாங்கள் நாலு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். உன் அப்பா போன பிறகு இப்போதுதான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்குகிறது. நீ நினைப்பதுபோல் அன்று பாத்திரம் கருகியது மறதியால் இல்லையடி. தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் டீச்சரைக் கூப்பிட மாடிக்குப் போனேன். போன இடத்தில் பேச்சு வளர்ந்துவிட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நூறு வயது இரு. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் சொல் தட்டாத
அம்மா

பி.கு.: கடித ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கும். மோந்து பார்க்காதே, நானே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாளிலிருந்து சமைப்பது நான்தான், உட்கார்ந்து உப்பு பார்ப்பது அவள். "அம்மா அடுப்புப் பக்கமே வரலைங்க" என்று அவள் தினமும் உன்னிடம் போனில் சொல்கிறாளே, அதைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதும் நான்தான். கோபத்தில் அவளை நிறுத்திவிடாதே. அடுப்பை மறக்காமல் அணைப்பது அவள்தான்.