இடது கன்னத்து மருந்து

கோதண்டபாணி கோர்ட்டு வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டும், எதிரே புளியமரத்தடியில் இருந்த கிருஷ்ணசாமி அசையவில்லை. அவர் காதில் விழுந்தது "கிஷ்ஷாமி". யாரோ வேறு ஆள் என்று மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். வழக்கு தள்ளுபடி.

பதினெட்டு வருஷமாகத் திண்டிவனம் கோர்ட்டில் கட்சிக்காரர்களைக் கூப்பிடும் டவாலி கோதண்டபாணி. வாய்தான் உத்தியோகம். முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வருகிற திங்கட்கிழமை குரல் சரியாக வர வேண்டும். இல்லாவிட்டால் பியூன் முருகையன் கூப்பிடட்டும்."

வீட்டில் மனைவி அம்சா விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். "இன்னாய்யா இது! ரெண்டு கன்னத்துக்குள்ளயும் கோலம் போட்டாப்பல வெள்ள வெள்ளயா கீது!"

செவ்வாயன்று விழுப்புரத்துக்கு ரயிலேறினான். டாக்டர் சக்கரபாணியின் பலகையில் பெயரைவிட எல்.எம்.பி. பட்டம் பெரிது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் கல்யாண வீடாக மலர்ந்தது.

"அப்பாடா, ஒருத்தன் வந்தான்!" என்று கைக்குட்டைக்குள் முணுமுணுத்தார். வாயை மூடிய கைக்குட்டையை அவர் எடுக்கவே இல்லை.

"இன்னா நோவுங்க?"

"ஒரு நோவா? ரெண்டு! கீழே லைக்கன்கிற வெள்ளைப் படை, மேலே பூஞ்சை. ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்கு. பட்டணத்து டாக்டருங்களே திணறிப்போவாங்க."

ஒரு வாய்க்குள் இரண்டு குடித்தனம்! கோதண்டபாணி இடுப்பு முடிச்சைத் தடவிப் பார்த்தான்.

"பீஸுங்க?"

"உன்கிட்டயா? வேண்டவே வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து காட்டு. எரியுதா, எவ்வளவு நேரம் எரியுது, எல்லாம் சொல்லணும்." தடித்த நோட்டு ஒன்று திறந்தது.

வாயெல்லாம் ஊதா மருந்தோடு வீடு திரும்பியவனைப் பார்த்து அம்சா அலறிவிட்டாள். அலறி ஓய்ந்ததும் கேட்டாள்: "அந்த டாக்டரு ஏன் வாயை மூடிக்கினே பேசறாராம்?"

"என் நோவு ஒட்டிக்கும்னுதான்" என்றான், அவமானத்தில் குறுகி.

வியாழனன்று டாக்டர் இன்னும் உற்சாகமாக இருந்தார். "ஊதாவுக்குக் கீழே பாரு, தோல் உரியுது. மூணாவது நோய்!"

"மருந்து போட்டப்புறம்தானே உரிஞ்சுது?"

"டாக்டர் நீயா நானா?"

புண்ணைச் சுடும் காரக் குச்சி ஒன்று உள்கன்னத்தைத் தொட்டது. கோதண்டபாணி போட்ட கூச்சலில் ஜங்ஷனில் நின்ற கூட்ஸ் வண்டியே கிளம்பியிருக்கும். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, எரிச்சல் நாற்பது நிமிஷம் என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் கேப்பைக் கஞ்சியும் இறங்கவில்லை. கோர்ட்டு வராந்தாவில் முருகையன் தூண்களைக் கட்சிக்காரர்களாக நினைத்துக் கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை டாக்டர் வெந்த இடத்தைப் பார்த்து நாலாவது நோயைக் கண்டுபிடித்தார். "இன்னிக்கு வலது பக்கம் ஒரு மருந்து, இடது பக்கம் வேற."

"வாய் ஒண்ணுதானுங்களே?"

"இது விஞ்ஞானம்! வாயைத் திற."

வலது பக்கம் உயிர் போயிற்று. இடது பக்கம் தேனும் வெங்காரமும், ஜில்லென்றிருந்தது.

ஞாயிறு காலை, கம்பவுண்டர் சவுரிராயன் மூச்சிரைக்கத் திண்டிவனத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஐயா அனுப்பினாருங்க. எந்தப் பக்கம் ஆறிச்சு? ஜல்தி சொல்லுங்க!"

"எடது."

தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயிலைப் பிடிக்க ஓடினார். கோதண்டபாணிக்குக் கண் கலங்கியது. "பார்த்தியா அம்சா, என்மேல எவ்ளோ அக்கறை!"

திங்களன்று தலையைச் சாய்த்து, இடது கடைவாயால் "பச்சைமுத்து! பச்சைமுத்து! பச்சைமுத்து!" என்று முழங்கினான். மூன்றாவது முறை வாயிலிருந்து வருமுன்பே பச்சைமுத்து கூண்டுக்குள் நின்றார். முன்சீப் தலையசைத்தார். முருகையன் தூணோடு தூணானான்.

அன்று சாயங்காலமே அவித்த மல்லாட்டை ஒரு பையுடன் விழுப்புரம் போனான். டாக்டர் அறை சாத்தியிருந்தது.

"தெய்வம்யா அவரு! காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறேன்."

சவுரிராயன் பையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப முடியாதுங்க. ஒரு மாசமா ஐயா வாயிலயும் இதே நோவுதான்; எது எரியும், எது ஆறும்னு உங்க வாயில பார்த்துக்கினு, நேத்துலேர்ந்துதான் அந்த எடது பக்க மருந்தைத் தடவிக்கினு உட்கார்ந்திருக்காரு."