அடியில் இருந்ததைக் கொட்டினேன்

"சாமையில கல்லு அரிக்கத் தெரியல. இவ கண்ணுக்குத் தெரியாததப் படிக்கப் போறாளாம்!"

எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வேலூரில் ஓர் ஆய்வகத்தில் சேரப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் அத்தை சொன்னது இது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மலை மேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். மாத்திரை அட்டை முதல் பட்டா வரை எல்லாவற்றையும் படிக்கச் சொல்லி என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு (கொஞ்சம் என்று சொல்வது நான் மட்டும்தான்). அப்பேர்ப்பட்டவளிடம் இப்படி ஒரு வார்த்தை! வேலையில் சேரும்வரை இருந்த ஒரு மாதமும் ரோஷத்தோடு சாமை அரித்தேன்.

சாமை அரிசியைத் தண்ணீரில் போட்டுப் பாத்திரத்தை மெல்லச் சுழற்ற வேண்டும். அரிசி தண்ணீரோடு மேலே எழும்பும். கல் அடியில் தங்கும். மேலே இருப்பதை அலுங்காமல் இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொண்டு, அடியில் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும். மாதக் கடைசியில் என் கஞ்சியில் அத்தையின் பல்லுக்கு ஒரு கல்கூடச் சிக்கவில்லை. என் கை அவ்வளவு தேறியிருந்தது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் ஆய்வகத்தில் பார்ப்பது டி செல்களை. உடம்பின் காவல்காரர்கள் அவை. ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் சில புரதங்கள் சிதறிக் கிடக்கும். நோய்க்கிருமியின் அடையாளத்தை அவை தொட்டு உணர்ந்தால்தான் அந்தச் செல் விழித்துக்கொள்ளும். அந்த நிமிடத்தில் புரதங்கள் என்ன செய்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. எனக்கு மூன்று மாதத் தவணை. அது முடிகிற வெள்ளிக்கிழமை, நானே செய்த சோதனையை நுண்ணோக்கியில் ஆய்வகத் தலைவரான மேடத்துக்குக் காட்ட வேண்டும். அது சரியாக வந்தால் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்வார். வராவிட்டால் மலைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

வியாழக்கிழமை என் சீனியர் பர்வீன் அக்கா, முறைப்படி கையெழுத்துப் போட்டுத் தன் ரத்தத்தையே கொடுத்தார். அதிலிருந்து டி செல்களைப் பிரித்து நான்கு டியூபில் நீர்மத்தோடு ஊற்றி, சுழலும் இயந்திரத்தில் வைத்தார்.

"நின்னதும் எடுத்துக் கழுவி வெச்சிடு. நான் டீ குடிச்சிட்டு வர்றேன். தெரியும்ல?"

"தெரியும்க்கா."

(தெரியாது. கேட்டால் என் படிப்பின் மானம் என்னாவது?)

இயந்திரம் நின்றது. டியூபை எடுத்துப் பார்த்தேன். மேலே தெளிந்த நீர். அடியில் சுண்ணாம்புப் பொட்டுபோல ஏதோ கசடு. என் மூளை யோசிக்கும் முன்பே கை அதைக் கல் என்று கண்டுகொண்டது. டியூபைப் பதமாகச் சாய்த்து, மேல் நீரை ஒரு சொட்டு சிந்தாமல் புது டியூபுக்கு மாற்றினேன். அடியில் இருந்ததை ப்ளீச்சிங் கரைசல் இருந்த கழிவு பாட்டிலில் தட்டினேன். இப்படி மூன்று டியூப். அத்தை பார்த்திருந்தால் நெட்டி முறித்திருப்பார். நான்காவதைக் கையில் எடுத்தபோது பர்வீன் அக்கா வந்தார்.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"கழுவறேன்க்கா. மூணு முடிஞ்சிச்சி. அடியில கசடு இருந்திச்சி, கொட்டிட்டேன்."

"கசடா? அடிப்பாவி, அதாண்டி செல்லு! என் ரத்தம்டி அது!"

அவர் பாய்ந்து வந்து நான்காவது டியூபைப் பிடுங்கினார்.

"இன்னொரு வாட்டி ரத்தம்..." என்று இழுத்தேன்.

"ஊசியோட கிட்ட வந்தே, ஒதைப்பேன்."

மீதி ஒரே டியூப். அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலை உட்கார்ந்தேன். கிருமியைத் தொட்டதாகச் செல்லை ஏமாற்றும் ஒரு பூச்சைக் கண்ணாடி வில்லையில் தடவி, அதன்மேல் செல்களை விட்டேன். சில நிமிடம் கழித்து அவற்றை மருந்து விட்டு அப்படியே அசையாமல் நிறுத்தி, அந்தப் புரதங்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி சாயம் ஏற்றினேன். பிறகு வில்லையைப் பலமுறை அலச வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பாதிச் செல்லைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். எனக்கோ இருந்ததே கால் பங்கு.

இந்த முறை எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பர்வீன் அக்காவிடம் இரண்டு தரம் கேட்டேன். அதன்பிறகு கையை அதன் போக்கில் விட்டேன். ஓரமாக நீரை இறக்கி, வில்லை இருந்த தட்டை மெல்லச் சுழற்றி, அலுங்காமல் சாய்த்தேன். மூன்று டியூபைக் காலி செய்த அதே கைதான்.

மேடம் நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிரவே இல்லை. எனக்கு மனசுக்குள் பஸ் வந்து நின்றேவிட்டது.

"யார் அலசினது?"

"நான்தான் மேடம்."

"இத்தனை செல் எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கு? நீயே பாரு."

பார்த்தேன். ஜமுனாமரத்தூரில் சந்தை நாளன்று கடைசி பஸ் வந்து நின்றதும், டீக்கடையிலும் துணிக்கடையிலும் சிதறி நின்ற சனமெல்லாம் ஒரே நிமிடத்தில் படிக்கட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். அதேபோல, செல் வில்லையைத் தொட்ட பக்கமாகப் பச்சைப் புள்ளிகள் எல்லாம் வந்து குவிந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாததை நான் பார்த்துவிட்டேன்!

"எங்க வூட்ல சாமை அரிப்போம் மேடம். அந்தப் பழக்கம்" என்றேன்.

"நேத்து என் ரத்தத்தையும் அரிச்சா மேடம்" என்று பர்வீன் அக்கா போட்டுக்கொடுத்தார். மேடம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "இனிமே இந்த லேப்ல அலசுற வேலையெல்லாம் இவதான்" என்று சொல்லி, என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் சொன்னபோது அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "நான் சொல்லிக் குடுத்த வேல, அதான் சரியா வந்திச்சி" என்று பெருமையை முழுசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்றைக்கும் நான் அடுப்படியில் பாத்திரத்தைத் தொட்டால் போதும், வீடே ஒரே குரலில் கேட்கும்: "எத வெச்சிக்கணும்னு கேட்டுக்கினியா?"

பிஎச்.டி. பதிவு எண் போன வாரம் வந்துவிட்டது. செல்லில் முட்டிக்கொண்டு நின்ற அந்தப் பச்சைக் கூட்டத்தில் எந்தப் புரதம் முதலில் படியேறுகிறது என்பது என் கேள்வி. நேற்று அதற்கான முதல் டியூபைச் சுழற்றினேன். இந்த முறை மேலே இருந்ததைத்தான் கொட்டினேன்.