தலையாட்டிய சமரசம்

காது மந்தமானவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்காத பேச்சுக்கும் தலையாட்டி, கூடவே சிரித்தும் வைப்போம். எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில் போடும் வேலை கேட்டுப் போயிருந்தேன். முதலாளியிடம், “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றேன்.

“செவிடனுக்கு பில்லு போடுத எடத்துல என்னவே வேல?”

அது மட்டும் நன்றாகக் கேட்டது. கடைப் பணியாளர்கள் சிரித்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையத்தில் புகார் கொடுத்தேன். விசாரணை என்றால் சென்னை. அதற்கு முன் சமரசம் பேச விருப்பமென்றால் நாகர்கோவிலிலேயே பேசலாம் என்றார்கள்.

“மெட்ராசு வரைக்கும் போயி சண்ட போடணுமா? இங்கயே பேசி முடிங்க” என்றாள் என் மனைவி செல்வி. சம்மதித்தேன். நான் கேட்டது இரண்டு: அந்த வேலை, அன்று சிரித்த அத்தனை பேர் முன்னாலும் ஒரு மன்னிப்பு.

சமரசம் செய்துவைக்க ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் காதுக்கருவி கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்று பேட்டரி வீட்டில், வேறு சட்டைப் பையில். (சமரசத்துக்குப் புதுச்சட்டை போட்டு வந்த மகராசன் நான்.) எதிரே முதலாளி. ‘கேட்கவில்லை’ என்று சொன்னால் அவர் சொன்னதே சரியென்று ஆகிவிடாதா? உதட்டசைவைப் பார்க்கலாமென்றால் அவர் மீசை வைக்கோல் போர் மாதிரி மறைத்தது. தலையாட்டினேன். பக்கத்திலிருந்த செல்வி முழங்கையால் இடித்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாக ஆட்டினேன்.

ஒப்பந்தம் தட்டச்சாகி வந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. வேலை உண்டு. மன்னிப்பும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முதலாளி பணியாளர் அனைவரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்து கேட்பார். அனைவருக்கும் மதியச் சாப்பாடு என் பொறுப்பு. மறுத்தால், எதுவுமே காதில் விழவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் செல்வி என் முகத்துக்கு நேரே நின்றாள். “என்னத்துக்கு அப்பிடித் தலய ஆட்டினிய? இத்தன பேருக்கும் அவியலுக்குக் காய் யாரு அரிவா?” வாயசைவிலேயே எல்லாம் புரிந்தது.

ஞாயிறன்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். முதலாளி எல்லார் முன்னாலும் நின்று, “அன்னைக்கு நான் சொன்னது தப்பு மக்கா. மனசுல வச்சிக்கிடாத” என்றார். ஒரு சொல் விடாமல் கேட்டேன். கண் கலங்கியது. (தீயல் குழம்புக்குக் காலையிலிருந்து சின்ன வெங்காயம் உரித்ததும் ஒரு காரணம்.)

அந்தக் கடையில்தான் இப்போதும் பில் போடுகிறேன். வீட்டில் நான் எதற்காவது ‘சரி’ என்றால் போதும், செல்வி கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள்: “நான் இப்ப என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க பாப்போம்.”

பாதி நேரம் மாட்டிக்கொள்கிறேன். அதற்குக் காது காரணமில்லை.