தேருக்கு ஒரு டிரைவர்

பொதுமக்களின் உயிர் விலைமதிப்பற்றது என்பதை அரசாங்கம் 1978ஆம் ஆண்டு ஆனி மாதம் கண்டுபிடித்தது. உடனே கோதண்டராமன் என்பவரைச் சாலைப் பாதுகாப்புத் தனி அலுவலராக்கித் திருவண்ணாமலைக்கு அனுப்பியது. வந்த அன்றே அவர் ஆணையிட்டார்: "சக்கரமுள்ள எதையும் உரிமமில்லாத எவரும் ஊருக்குள் செலுத்தலாகாது."

தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் கண்ணாயிரம் நினைத்தார். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. தீபத் திருவிழாவில் பெரிய தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது அவர் வேலை. அப்பா போட்டார், தாத்தா போட்டார். மனிதர் வருஷம் முழுக்கச் சாப்பிட்டுத் தூங்கியதே அந்த ஒரு நாளுக்காகத்தான். அவரைத்தான் ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"தேரை யாருய்யா ஓட்றது?" என்று கேட்டார் அதிகாரி கோதண்டராமன்.

"யாரும் ஓட்றதில்லீங்க. ஜனங்க இழுக்கறாங்க, நான் கட்டை போடறேன்."

"போட்டா நிக்குமா?"

"நிக்குங்க. திரும்பணும்னாலும் கட்டைதாங்க."

"அப்போ பிரேக்கும் ஸ்டீரிங்கும் உன் கையில. நீதான் டிரைவர். எடு லைசென்ஸை."

தேர் கனரக வாகனமாம். கீழ்பென்னாத்தூர் முருகையனின் மல்லாட்டைக் கடலை மூட்டை லாரியில் கண்ணாயிரம் மூன்று மாதம் பழகினார். சோதனையில் இரண்டு தடவை தோற்றார். மேட்டில் நிறுத்தச் சொன்னால் பிரேக்கை மறந்து, குதித்திறங்கிச் சக்கரத்தடியில் கட்டை வைத்துவிடுவார். ஒருவழியாக மூன்றாம் தடவை தேறினார். மனைவி ரேணுகாம்பாள் லைசென்ஸுக்குச் சூடம் காட்டினாள்.

அதற்குள் ஆணை நன்றாக வேலை செய்திருந்தது. காகிதம் சரியில்லை என்று ஊரில் பாதி டிரைவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். திருவிழா பஸ்ஸுக்கு ஆள் இல்லை. லைசென்ஸ் உள்ளவரெல்லாம் சிறப்புப் பேருந்து செலுத்தக் கடமைப்பட்டவர்கள் என்று அடுத்த ஆணை வந்தது.

"என் தேருங்க?" அழாத குறையாகக் கேட்டார் கண்ணாயிரம்.

"கவலைப்படாதய்யா. எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்குது" என்றார் அதிகாரி.

தேரன்று கண்ணாயிரத்தின் பஸ் தேருக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டது. தேர் வலப்பக்கம் திரும்ப வேண்டிய முனை. சாலையில் இடப்பக்கமே விதி என்பதால் அதிகாரி இடது சக்கரத்துக்குக் கட்டை போட்டார். தேர் பச்சையம்மாளின் வளையல் கடையை நோக்கித் திரும்பியது.

கண்ணாயிரம் குதித்தார். பழக்கதோஷம், பஸ் சக்கரத்துக்கு ஒரு கட்டையை வைத்துவிட்டு ஓடினார். அதிகாரி கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி வலது சக்கரத்துக்குப் போட்டார். தேர் நல்ல பிள்ளையாகத் திரும்பியது. ஒரு வளையல்கூட உடையவில்லை. "அண்ணாமலையானுக்கு அரோகரா!" என்று தெருவே அதிர்ந்தது. கண்ணாயிரம் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

மறுநாள் அவர் லைசென்ஸ் ரத்தானது. பயணிகளோடு பஸ்ஸை நடுரோட்டில் விட்டு இறங்கிய குற்றம்.

"கட்டை போட்டுட்டுதாங்க எறங்கினேன்."

"அது ரெண்டாவது குற்றம். பஸ்ஸுக்குப் பிரேக் இருக்குது."

விபத்தில்லாத் திருவிழா நடத்தியதற்காக அதிகாரிக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் அடுத்த வருஷத்துக்கு அவர் இன்னோர் ஆணை போட்டார். வடம் பிடிப்போர் அனைவரும் தேரின் இஞ்சின் ஆவர். போட்டோவுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஊரே வரிசையில் நின்றது. முதல் ஆள் கண்ணாயிரம்.

"என்னாங்க, டிரைவரே வரிசையில நிக்கறீங்க?" என்று பின்னால் நின்ற பரசுராமன் கேட்டார்.

"டிரைவர் போன வருஷங்க. இப்ப நான் இஞ்சின்."

பரசுராமன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "போட்டோ ரெண்டு போதுமா, மூணு வேணுங்களா?" என்று கேட்டார்.