நுரையீரல் சலவை

மூடிக் கிடந்த மரச்சாமான் கடை வாசலில் காலையிலேயே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. இருமுகிறவர்கள், அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர்கள், நன்றாக இருந்தும் கூட்டத்தைப் பார்த்ததும் இருமத் தொடங்கியவர்கள். உள்ளே நுரையீரலைத் துவைத்துக் கொடுக்கிறார்களாம். துவைப்பவர் சலவை ஐயா. என்ன படித்திருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டு வெள்ளையாக இருந்ததே, போதாதா?

ஐயா மேடையேறினார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லும் தன் குப்பையைத் தானே கூட்டிப் பெருக்கிக்கும். நுரையீரல் தழும்பாகிப் போனவங்களுக்கு அந்த வேலை மந்தமாயிடும். நான் செல்லைத் தட்டி எழுப்பிவிட்டா, தழும்பை அதுவே தின்னு தீர்த்துடும்."

முதல் இரண்டு வாக்கியங்களில் உண்மை இருந்தது. மூன்றாவதில் ஐயா இருந்தார்.

அத்தாட்சியும் வைத்திருந்தார். வெள்ளை மூடி பாட்டிலில் கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். அதில் குழாயை விட்டு ஊதினால் பால் மாதிரி வெளுத்துவிடும். "பார்த்தீங்களா, உங்க நெஞ்சு அழுக்கு" என்பார். நாற்பது நாள் கழித்து நீல மூடி பாட்டிலில் ஊதினால் தண்ணீர் அப்படியே இருக்கும். "சுத்தமாயிடுச்சு" என்பார். மூடி ஏன் நிறம் மாறியது என்று கேட்கிற அளவுக்கு யாருக்கும் மூச்சு இல்லை.

வைத்தியம் இதுதான்: மாத்திரையை நிறுத்த வேண்டும். பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது. பசித்தால்தான் செல் தழும்பைத் தின்னுமாம். ஆளுக்கொரு குட்டித் துடைப்பம் தருவார்கள். அதைக்கொண்டு நெஞ்சை மேலிருந்து கீழாகப் பெருக்கியபடி, "எழுந்திரு செல்லே, வேலையைப் பாரு" என்று நூற்றியெட்டு முறை அதட்ட வேண்டும். அந்தக் கூடத்தில் முந்நூறு பேர் தங்கள் செல்களைத் திட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் செத்த செல்லே எழுந்திருக்கும்.

அந்த முந்நூறில் ஒருவர் டைல்ஸ் வெட்டுகிறவர். இருபத்திரண்டு வருடம் தூசியை விழுங்கியவர். ஐயா பேச்சைக் கேட்டு ஆக்சிஜன் மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்பதாம் நாள், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் இருந்து பக்தியோடு பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று அவளுடைய தங்கை வந்தாள். மருத்துவமனையில் நோயாளிகளை ஊதச் சொல்லி நுரையீரலை அளப்பதுதான் அவள் வேலை. மாமாவின் விரலில் கருவியை மாட்டினாள். எண்பத்திரண்டு காட்டியது.

"மாமா, ரத்தத்துல ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருக்கு. இப்பவே கிளம்புங்க."

"அழுக்கு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்னு ஐயா சொன்னார்மா."

"செல்லு குப்பையைக் கூட்டுறது நிஜம்தான். இந்த நோய்ல அது சரியா நடக்கலைன்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா தழும்பைக் கரைக்க இன்னும் மருந்து வரலை. நீங்க நிறுத்தின மாத்திரை நோயை மெதுவாக்கும், அவ்வளவுதான். துடைப்பத்தை வச்சு யாரும் ஆராய்ச்சி பண்ணலை."

"நான் கண்ணால பார்த்தேன்மா. தண்ணி வெளுத்துச்சு."

கண்ணால் பார்த்தவரிடம் வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "சரி, நானும் ஒரு தடவை பார்க்கிறேன். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி" என்றாள். வாடகை ஆக்சிஜன் சிலிண்டரோடு மூவரும் ஆட்டோவில் போனார்கள். வழியில் ஒரு பெட்டிக்கடையில் அவள் ஒரு சோடா வாங்கினாள்.

கூடத்தில் முன்னால் போய் நின்றாள். "ஐயா, முதல்ல நீங்க ஊதிக் காட்டுங்க."

"நான் ஊதக்கூடாதும்மா. இத்தனை பேர் அழுக்கும் எனக்குள்ள வந்துடும்."

"அப்ப இது ஊதட்டும்."

சோடாவைத் திறந்து, பாட்டில் வாயில் குழாயைச் செருகி, விரலால் இறுக்கி, ஒரு குலுக்கு குலுக்கினாள். மறுமுனை வெள்ளை மூடி பாட்டிலுக்குள் இருந்தது. குமிழ் குமிழாகப் போனது. தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கவலையோடு கேட்டார்: "பாவம், சோடாவுக்கு எத்தனை வருஷமா இந்த நோய்?"

ஐயா அசரவில்லை. "சோடாவுக்கும் செல் உண்டு" என்றார்.

"இது சுண்ணாம்புத் தண்ணி" என்றாள் அவள். "நாம விடுற மூச்சுல இருக்கிற கரியமில வாயு பட்டா வெளுக்கும். சோடாவுல இருக்கிறதும் அதே வாயுதான். பச்சைக் குழந்தை ஊதினாலும் வெளுக்கும். நீல மூடியில இருக்கிறது குழாய்த் தண்ணி."

டைல்ஸ் வெட்டுகிறவர் சிலிண்டரைப் பிடித்தபடி எழுந்தார். நீல மூடி பாட்டிலை எடுத்து, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஊதினார். தெளிவாகவே இருந்தது.

"ஒன்பது நாள்லயே எனக்குக் குணமாயிடுச்சு ஐயா" என்றார், மூச்சிரைத்துக்கொண்டே. "இப்ப நீங்க வெள்ளை மூடியில ஊதுங்க."

முந்நூறு பேர் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா பின்கதவைப் பார்த்தார். அங்கேயும் ஆறு பேர் துடைப்பத்தோடு நின்றார்கள். வேறு வழியில்லாமல் ஊதினார். பால் மாதிரி வெளுத்தது.

டைல்ஸ் வெட்டுகிறவர் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அந்த ஒன்பது நாளில் இழந்த மூச்சில் பாதிதான் திரும்பியது. இன்றைக்கும் மூக்கில் குழாயோடுதான் நடமாடுகிறார். பார்க்க வந்தவர்களில் ஒருவர் ரகசியமாகக் கேட்டார்: "அந்த சோடா எந்தக் கடையில வாங்கினது? நோயை அப்படிப் பளிச்சுனு காட்டுச்சே."

நுரையீரல் தழும்புக்காவது மருந்து தேடுகிறார்கள். இந்த நோய்க்கு அவரவர்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும்.