ஒரு டப்பா கண்ணேறு

பூனைப் பீயைப் பார்த்துப் பலன் சொல்லும் ஞானி ஊருக்கு வந்துவிட்டார். இனி நமக்கென்ன குறை?

விடிந்ததும் விடியாததுமாக வரிசை தெருமுனையைத் தொட்டது. ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா. வக்கீலும் பேராசிரியரும் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார்கள். படிக்காதவர்கள் தள்ளிப் பிடித்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருந்தது.

வாசலில் ஒரு அம்மாள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். வீட்டில் எத்தனை பூனை, என்ன நிறம், எது மூத்தது என்று கேட்டு எழுதி உள்ளே அனுப்புவாள். ஞானி டப்பாவைத் திறந்து, கண்ணை மூடி, அதையே திருப்பிச் சொல்வார். கூட்டம் வாயைப் பிளக்கும்.

வரிசையில் நின்ற தையல்காரி ஒருத்தியும் பிளந்தாள். அவள் வீட்டில் ஐந்து பூனை. கடைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு, தைத்து வைத்த சட்டையெல்லாம் நாசம். "மூத்த கறுப்பு கண்ணு வைக்குது. ஊருக்கு வெளியே விட்டுடு. குட்டிக்கு மந்திரிச்ச பால் மூணு வேளை குடு" என்றார் ஞானி. பாலும் அங்கேயே விற்பனை.

மூன்று நாள் பால் குடித்த குட்டி, பிழிந்த துணியாகக் கிடந்தது.

நாலாம் நாள் அவள் தம்பி வந்தான். அடைத்த சாக்கடைக் குழாயைச் சுத்தம் செய்கிற பிளம்பர்.

"அக்கா, சாக்குல என்ன துள்ளுது?"

"கரியன்டா. ஆத்துக்கு அந்தப் பக்கம் விடப்போறேன். குட்டி பொழைக்கணும்ல?"

எட்டு வருடத்துக்கு முன் கரியனைக் குழாய்க்குள்ளிருந்து இழுத்துக் காப்பாற்றியவன் அவன்தான். அப்போதே பூனைக்கு ஒரு கண் போய்விட்டது.

"இருக்கிறதே ஒத்தைக் கண்ணு. அதை வச்சு இது கண்ணு வைக்குதாக்கும்?"

"கிண்டல் பண்ணாதே. அவர் பீயைப் பார்த்தே சொன்னாருடா!"

"இருபது வருசமா நான் அதுக்குள்ளதான் நிக்கிறேன். எங்கிட்ட அது ஒரு வார்த்தை பேசலையே! சாக்கோடவே கிளம்பு, நானும் அவர்கிட்ட ஒரு டப்பா காட்டணும்."

அடுக்களைக்குள் போய் ஒரு டப்பாவோடு வந்தான்.

வாசல் அம்மாளிடம், "ரெண்டு பூனை. ரெண்டும் வெள்ளை. மூத்தது பொட்டை" என்றான்.

"ஏன்டா புளுகுற?" என்று அக்கா கிள்ளினாள்.

"பேசாம வாக்கா."

ஞானி டப்பாவைத் திறந்தார். கண்ணை மூடினார். உடம்பை உலுக்கினார். "வெள்ளைப் பொட்டை! அதோட கண்ணு குட்டியோட குடலை முறுக்குது. அப்பப்பா, நாத்தமே சொல்லுதே!"

தம்பி டப்பாவில் விரலை விட்டு ஒரு கட்டியை எடுத்தான். வாயில் போட்டான். நிதானமாக மென்றான்.

கூட்டம் "ஐயய்யோ!" என்று அலறியது. வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"டீயில நனைச்ச பிஸ்கட்டு. வெள்ளைப் பூனை எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல. உங்களுக்கும் ஒரு வாய் தரட்டா, சாமி?"

"உன் அவநம்பிக்கை என் பார்வையை மறைச்சிடுச்சு!"

"சரி, மூக்கையுமா மறைச்சிடுச்சு?"

அக்கா அங்கேயே சாக்கை அவிழ்த்தாள்.

அன்றே குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார்கள். "பெரிய பூனைங்க தட்டுல கண்டதைத் தின்னு வயிறு கெட்டிருக்கு. அதுமேல பாலையும் ஊத்துனா எப்படிம்மா நிக்கும்?" என்று திட்டிவிட்டு மருந்து கொடுத்தார். பால் நின்றது. குட்டிக்குத் தனித் தட்டு வந்தது. மூன்றாம் நாள், "தம்பி, கெட்டியா போயிருக்குடா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள் அக்கா. கரியன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குட்டியின் தலையை நக்கிக்கொண்டிருந்தது.

ஞானி இப்போது பக்கத்து ஊரில் மீன்தொட்டித் தண்ணீரைப் பார்த்துப் பலன் சொல்கிறாராம். அங்கேயும் வரிசையாம். போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் மூக்குக்கு நாலு விரல் மேலே மூளை என்று ஒன்று இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் எந்தப் பிளம்பராலும் அடைப்பெடுக்க முடியாது.