கைப்பிடி இல்லாத ஜன்னல்கள்

பள்ளிக்கூட ஜன்னல்களுக்குக் கைப்பிடி இருந்த கடைசிக் காலை, ஹின்னெர்க் வழக்கம்போல எல்லாவற்றையும் விரியத் திறந்துவிட்டு வாசலில் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வெசர் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில், எவ்வளவு குளிரானாலும் காலையில் ஜன்னல் திறக்காதவனைப் பல் தேய்க்காதவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள்.

தலைமையாசிரியை டீடெமான் ஓடி வந்தார். "மூடுங்க, எல்லாத்தையும் மூடுங்க! அவ்வளவு செலவு பண்ணி கூரையில காத்து மெஷின் வச்சது எதுக்கு? கெட்ட காத்தை அது இழுத்துக்கும், நல்ல காத்தை அது குடுக்கும். சூடு துளிகூட வெளிய போகக் கூடாது."

"ஜன்னலே திறக்கக் கூடாதா மேடம்?"

"வசந்தத்துல காத்தைச் சோதிக்க வர்றாங்க. பசுமைப் பள்ளிச் சான்று கிடைக்கலைன்னா, உங்க வேலையை நகராட்சி ஏதாவது கம்பெனிக்குக் குடுத்துடும். வேலையோட சேர்ந்த வீடும் போயிடும், பாத்துக்குங்க."

பள்ளிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில்தான் மனைவி ஹைக்கே அவரோடு வாழ்ந்தாள். போன இலையுதிர் காலத்தில் அங்கேயே கண்ணை மூடினாள். வேறொரு வீட்டில் அவளை எந்த மூலையில் வைத்து நினைப்பது?

கைப்பிடியைச் செருகித் திருகினால்தான் அந்த ஜன்னல்கள் திறக்கும். அன்றைக்கே கைப்பிடிகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

மறுநாள் நான்காம் வகுப்பு ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

"ஓல்சன் டீச்சர்! எப்படித் திறந்தீங்க?"

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து ஆட்டினார். "எங்க வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலோடது. இந்த நாட்டுல எல்லா ஜன்னலுக்கும் ஒரே அளவுதானே!"

"இது தப்பு டீச்சர்."

"ஈரல் தடவின ரொட்டியத் தின்னுட்டு ஒரு வகுப்பே மூச்சு விடுது. நீங்க கொஞ்ச நேரம் இங்க உக்காருங்க. அப்புறம் தப்பு சரி பேசலாம்."

கொஞ்ச நாளில் எல்லா ஆசிரியர்களின் பையிலும் ஒரு கைப்பிடி. ஹின்னெர்க் ஜன்னல்களுக்குப் பூட்டு வாங்கி மாட்டினார். மலிவுப் பூட்டு, ஓல்சன் டீச்சரின் சைக்கிள் சாவிக்கே எல்லாம் வாயைப் பிளந்தன. சரி, நேரில் பிடிப்போம் என்று ரோந்து கிளம்பினார். அவர் படியேறினாலே ஒன்றாம் வகுப்பு தொண்டை கிழியப் பாட ஆரம்பிக்கும். அவர் போய்ச் சேர்வதற்குள் ஜன்னல்கள் மூடியிருக்கும், பிள்ளைகள் பூனை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

"ஏன் இங்க இவ்வளவு குளிருது?"

"மெஷின் காத்து, ஹின்னெர்க்," என்பார் ஓல்சன் டீச்சர், கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டே.

சோதனை நாளும் வந்தது. அதிகாரியோடு ஹின்னெர்க் படியேறினார். மேலே பாட்டு வெடித்தது.

"சந்தோஷமான பிள்ளைங்க!" என்றார் அதிகாரி.

"ரொம்ப," என்று பல்லைக் கடித்தார் ஹின்னெர்க்.

ஜன்னல்கள் மூடியிருந்தன. அதிகாரி அறை அறையாகக் கருவியை நீட்டினார். எல்லா இடத்திலும் பச்சை விளக்கு.

"இவ்வளவு சுத்தமான காத்தை நான் எந்தப் பள்ளியிலயும் பாத்ததில்ல. மெஷின் ஓடுற சத்தம்கூடக் கேக்கலையே!"

"விலை அப்படி சார்," என்று டீடெமான் நிமிர்ந்து நின்றார்.

சான்று கைக்கு வந்தது. வீடும் பிழைத்தது. ஹின்னெர்க்குக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அதிகாரியை வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது, கருவிப் பெட்டியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"கூரைக்கு எப்படிப் போகணும்? காத்து மெஷினைப் பாக்கணும்."

"அதை எதுக்கும்மா தொடுற? அது பிரமாதமா ஓடுது," என்றார் ஹின்னெர்க்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எப்படிங்க ஓடும்? அதுக்கு கரண்ட் கனெக்‌ஷன் குடுக்கவே இன்னிக்குத்தானே வந்திருக்கேன்!"